ஒன்பதுக்கு ஒன்பது

"அம்மா, எதிர்க்கட்சிக்காரங்களுக்குத் தாகமே எடுக்காதா?"

நகர்மன்றத் தலைவியின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. தாழ்வான குடியிருப்புக்குக் குழாய் போட எதிர்க்கட்சி சம்மதிக்கவில்லை என்று வீட்டில் பேச்சு வந்தபோது கேட்டாள். தலைவி அப்போது சாதாரண உறுப்பினர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். குழாய்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்த வருடம் கோடைக்கு முன் தண்ணீர் வரும் என்று தலைவி அந்தக் குடியிருப்புப் பெண்களிடம் சொல்லியிருந்தாள். மன்றத்தில் அவளையும் சேர்த்து அவள் பக்கம் பதினொரு பேர், எதிர்ப்பக்கம் பத்துப் பேர்; இந்தப் பக்கம் ஒருவர் குறைந்தாலும் சமம்.

குழாய்த் தீர்மானத்தின் வாக்கெடுப்புக்கு முந்தின நாள் எதிர்க்கட்சித் தலைவர் அவள் அறைக்கு வந்தார். ஊருக்கு அவர் லாரிக்காரர். ஆறு தண்ணீர் லாரி வைத்திருந்தார். குழாய் வந்தால் அவர் பிழைப்பில் மண். மைக் தேவைப்படாத குரல் அன்று தணிந்திருந்தது.

"தலைவரம்மா, நாளைக்கு வீட்டுக்காரிக்கு நெஞ்சுல ஆபரேஷன். என்னால வர முடியாது."

"நீங்க வராட்டி எனக்கு லாபம்தானே அண்ணே?"

"அதையேதான் எங்காளுங்களும் சொல்றாங்க. பொண்டாட்டி எங்கயும் போயிட மாட்டா, ஓட்டு போயிடும்ங்கிறாங்க."

தலைவி மேசையில் விரித்திருந்த தீர்மான நகலை மூடி வைத்தாள். பிறகு, "ஆஸ்பத்திரியில இருங்க. உங்களுக்கு ஜோடியா நான் வெளிய உட்காருறேன்" என்றாள்.

அது அந்த மன்றத்தின் பழைய வழக்கம். ஒருவர் நோயாலோ சாவாலோ வர முடியாமல் போனால், மறுபக்கத்தில் ஒருவர் வாக்களிக்காமல் இருப்பார். சட்டப் புத்தகத்தில் கிடையாது, வாய்ச்சொல்தான். அவள் கட்சியில் வேறு யாரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள் என்பதால் தானே உட்காருவதாகச் சொன்னாள்.

மறுநாள் அவள் கட்சியின் சிமெண்ட் கடைக்காரர் வரவில்லை. குழாய் வேலை தன் மச்சானுக்குக் கிடைக்காத கோபம்; காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டார். கட்சிச் செயலாளர் தலைவியின் காதருகே குனிந்தார்.

"நீங்க கையைத் தூக்குங்க. பத்துக்கு ஒன்பது. கதை முடிஞ்சுது."

"சொல் கொடுத்திருக்கேன்."

"எழுதியா கொடுத்தீங்க?"

"எழுதியிருந்தா கிழிச்சிருக்கலாம். சொன்னதை எப்படிக் கிழிக்கிறது?"

துணைத்தலைவரிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒன்பதுக்கு ஒன்பது. சமமானால் தீர்மானம் தோல்வி. ஆறு மாதத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது.

மாலையில் கட்சி அலுவலகத்தில் செயலாளர் வெள்ளைத்தாளை அவள் முன் தள்ளினார்.

"ராஜினாமா எழுதுங்க. எதிரிக்காக ஏழை ஜனங்களைத் தவிக்க விட்டுட்டீங்க."

அந்தக் கடைசிச் சொல் அவளைச் சுட்டது. ஆனாலும் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"அந்தப் பழி என்னோடது, சுமக்கிறேன். ஆனா ஒரு பொம்பளை கத்திக்குக் கீழ படுத்திருக்கிற நேரம் பார்த்து ஜெயிச்ச தண்ணியை நான் யார் கையிலயும் ஊத்த மாட்டேன். என்னை இறக்கணுமா? மன்றத்துல தீர்மானம் கொண்டு வாங்க. நின்னு கேக்கறேன். இந்தத் தாள்ல என் பேனா படாது."

"அடுத்த தேர்தல்ல உங்களுக்கு சீட் கிடையாது."

"சீட் நீங்க கொடுக்கறது. சொல் நான் கொடுத்தது."

மறுநாள் காலை யாரையும் துணைக்கு அழைக்காமல் குடியிருப்புக்குப் போனாள். காலிக் குடங்களின் நடுவே நின்று நடந்ததைச் சொன்னாள்.

"உங்க நாணயத்தை ஊத்தித் துணி துவைக்க முடியுமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"முடியாதும்மா. ஆறு மாசத்துல மறுபடி கொண்டு வருவேன். தோத்தா அதுக்கடுத்த ஆறு மாசம். விடமாட்டேன்."

பெண்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒரு பெண் மட்டும் உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். கோபத்துக்கு நடுவிலும் ஒரு பலகை. உலகம் இன்னும் நின்றுகொண்டிருப்பது இத்தகையவர்களால்தான்.

அடுத்த கூட்டத்துக்கு லாரிக்காரர் வந்தார். குரலும் கூடவே வந்தது.

"இந்த நிர்வாகம் படுதோல்வி!"

"அண்ணி எப்படி இருக்காங்க அண்ணே?"

"எழுந்து உட்கார்ந்துட்டா. ஆனாலும் நிர்வாகம் தோல்விதான்!"

மன்றமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கடைசிவரை எதிர்த்தே பேசினார்.

கோடை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். குடியிருப்பில் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். பொதுத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் யாரும் இல்லை; லாரிக்காரரே ஓட்டி வந்திருந்தார். பின்னால் போய்க் குழாயை இழுத்துத் தொட்டிக்குள் விட்டார். எப்போதோ விட்டுப்போன வேலை, குழாய் இரண்டு முறை நழுவியது. தண்ணீர் விளிம்பைத் தொடும்வரை வெயிலில் நின்றார். பிறகு மூடியைச் சரியாகப் பொருத்தி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். யாரிடமும் சொல்லாமல், ஹாரன் அடிக்காமல், வந்த வழியே போனார். வெள்ளிக்கிழமையும் வந்தார்.