இமெல்டா கேட்ட கிராமம்

அன்னப்பூரணியின் வீட்டைக் கண்டதும் இமெல்டாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சீமெந்துச் சுவர், தகரக் கூரை, வாசலில் நாலு பிளாஸ்டிக் கதிரைகள். இதையா கொழும்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவது?

இமெல்டா மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவள். யுத்த நிறுத்தம் வந்து இரண்டு வருசமாகப் போகிறது. கொழும்பு மாணவர்கள் தமிழ்க் கிராமமொன்றில் மூன்று நாள் தங்கி, மரபு வாழ்க்கையைப் படிக்க வேண்டுமென்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருந்தது. அதற்குத் தெரிவானது தன்னாமுனையில் வாவிக் கரையோடு இருந்த இந்த வீடுதான்.

"மண் வீடு இல்லையா அக்கா?"

"இரிந்தது மிஸ். தொண்ணூறாம் ஆண்டு ஆமி எரிச்சுப் போட்டான்."

இமெல்டா தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டாள். ஒரு கிழமைக்குள் வளவில் களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு குடிசை எழும்பியது. எரிந்த வீட்டுக்கு நிவாரணம் கேட்டு ஏழு வருசம் கந்தோர் கந்தோராக அலைந்த குடும்பம் அது. யாரோ மூன்று நாள் படுத்தெழும்புவதற்கு ஏழே நாளில் வீடு வந்துவிட்டது.

பிறகு ஒளிக்கிற வேலை தொடங்கியது. கதிரைகள் போயின, ரேடியோ போயிற்று. கடைசியில் இமெல்டா தையல் மெசினைச் சுட்டிக் காட்டினாள்.

"இது பாரம்பரியத்துக்குப் பொருந்தாது."

"பள்ளிக்கூடம் திறக்க ஒரு கிழமைதான் இரிக்கி மிஸ். பதினாலு பிள்ளையள்ற சட்டை தைக்கக் கிடக்கு."

"மூண்டு நாள்தானே அக்கா."

அன்னப்பூரணி வாய் திறக்குமுன் அவளுடைய புருசன் கனகசிங்கம், "அதுக்கென்ன மிஸ்!" என்றுவிட்டான். கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுக்கிற அவனை இமெல்டா நிகழ்ச்சி நிரலில் 'வாவி மீனவர்' என்று எழுதியிருந்தாள். அன்றிலிருந்து அவன் நடையே மாறியிருந்தது. அன்னப்பூரணியாலும் மறுத்துப் பேச முடியவில்லை. மூன்று வருசத்துக்கு முன் அந்த மெசினைத் தந்ததே இமெல்டாவின் நிறுவனம்தான். மெசின் அடுத்த வீட்டுச் சீதேவிப்பிள்ளையின் அறைக்குப் போனது.

மாணவர்கள் நாலு பேர் போத்தல் தண்ணீரோடு வந்திறங்கினார்கள். தமிழ் தெரிந்தவள் றஸீனா ஒருத்திதான். கனகசிங்கம் இரவல் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்குள் இறங்கினான். வீசிய வலை அவனையே சுற்றிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் குப்புற விழுந்தான். அதுதான் முறையென்று நினைத்து மாணவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். அன்னப்பூரணி ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தாள். "ஒவ்வொரு நாளும் அம்மியிலதான் அரைப்பீங்களா?" என்று றஸீனா கேட்க, இமெல்டா சொல்லிக் கொடுத்திருந்தபடி அன்னப்பூரணி "ஓம்" என்றாள். நாலு கொப்பிகளிலும் அது ஏறியது.

இரண்டாம் நாள் காலையில் ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு படலையடியில் வந்து நின்றாள்.

"அக்கா, புள்ளைக்குச் சட்டை முடிஞ்சிதா?"

"இப்ப நிகழ்ச்சி நடக்குது. ரெண்டு நாளால வாங்க," என்று இமெல்டா கையை அசைத்தாள். நகரத்துச் சேலையைக் கண்ட பயத்தில் அந்தத் தாய் மகளை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அன்னப்பூரணிக்கு வந்த ஆத்திரம் இமெல்டாவோடு மட்டும் நிற்கவில்லை. நேற்று முழுக்க 'ஓம்' போட்ட தன் வாயின்மீதும் வந்தது. அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பினாள்.

"வாங்க, மெசினத் தூக்குவம்," என்று புருசனைக் கூப்பிட்டாள். அவன் இமெல்டாவின் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்காக அவள் நிற்கவில்லை. சீதேவிப்பிள்ளை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாகத் தூக்கி வந்து, மாணவர்களின் நடுவே, வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தாள்.

"என்ன அக்கா இது?" இமெல்டாவின் குரல் கீச்சிட்டது.

"மெசின். நீங்க தந்ததுதான். உங்கட பேர் இன்னும் ஒட்டிக் கிடக்கு, பாருங்க."

"இதுவா உங்கட வேலை?" என்றாள் றஸீனா.

"ஓம் மகள். இவர் சங்கக்கடையில சீனி நிறுக்கிறவர். வலை ஆர்ரயோ வலை. இந்த மண் வீட்டுக்கு வயசு ஒம்பது நாள்."

றஸீனா மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தாள். ஒருவன் கொப்பியைப் புரட்டிப் பார்த்தான்.

"அப்ப நேற்று நாங்க எழுதினதெல்லாம்?" என்றாள் றஸீனா.

"அத மிஸ்ஸிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு அன்னப்பூரணி மெசினை மிதிக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் றஸீனா பக்கத்தில் வந்து குந்தி, ஊசியையும் பொத்தான்களையும் வாங்கிச் சட்டைக்குத் தெறி தைத்தாள். மற்ற மூவரில் ஒருவன், தெறி தைப்பதும் இந்தக் கிராமத்து மரபுக் கலையா என்று கேட்டுச் சொல்லச் சொன்னான். றஸீனா அதை மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் நாள் வான் புறப்படும்போது இமெல்டா, "இனி நிகழ்ச்சிக்கு உங்கட வீட்ட எடுக்க மாட்டம் அக்கா," என்றாள், பெரிய தண்டனை சொல்வதுபோல.

"நல்லம் மிஸ். பாத்துப் போங்க."

கனகசிங்கம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். "என்ர மானத்த வாங்கிப் போட்டாய்," என்றான்.

"எந்த மானம்? மிஸ் எழுதித் தந்ததா?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் பின்னேரம் பதினாலாவது சட்டையும் முடிந்தது. இரண்டு சட்டைகளில் தெறிகள் கொஞ்சம் கோணலாக இருந்தன. தாய்மார் ஒருவரும் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.