மூன்று காலில் நின்ற விசிறி

விஞ்ஞானி என்பது மாமனார் வீட்டில் அவருக்கு வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிற மனிதருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்றால், ஓடுகிற எதையும் அவர் திறந்து பார்க்காமல் விடமாட்டார். திறந்தது திரும்ப ஓடினால் அது அந்தப் பொருளின் அதிர்ஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் கம்ப்யூட்டருக்கு அந்த யோகம் அடித்தது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று பெட்டியைத் திறந்தார். பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். நாலு காலில் மூன்று சரியாக அமர்ந்தன. நாலாவது பிடிகொடுக்கவில்லை; பலமாக அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று விட்டுவிட்டார். முக்காலி மூன்று காலில் நிற்கவில்லையா என்று தனக்குத்தானே பாடம் நடத்திவிட்டு மூடியைப் போட்டார். கம்ப்யூட்டர் ஓடியது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அது பொட்டென்று அணைந்தது.

மனைவி மொழிபெயர்ப்பாளர். பத்து வருஷமாகக் குக்கர் கையேடும் சலவை இயந்திரக் கையேடும் பெயரில்லாமல் மொழிபெயர்த்தவளுக்கு முதல்முறையாக ஒரு நாவல் கிடைத்திருந்தது. அட்டையில் அவள் பெயர் வரும். அன்று மதியம் ஒரு மணிக்குள் மொழிபெயர்ப்பு பதிப்பகத்துக்குப் போகாவிட்டால் இந்த வருஷப் பட்டியலிலிருந்து புத்தகமே போய்விடும். கடைசி மூன்று அத்தியாயங்கள் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

"நீங்க எதாவது தொட்டீங்களா?"

"நானா? நான் எதுக்குத் தொடப்போறேன்?" முகத்தில் பால் வடிந்தது.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு மூச்சு சுற்றிவிட்டு நின்றது. பிளக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், வோல்டேஜைத் திட்டினார், கடைசியாகப் பெட்டியின் விலாவில் ஒரு தட்டும் தட்டினார். மனைவி மெக்கானிக்குக்கு போன் போட்டதும், "உனக்கு டெக்னிக்கலா பேச வராது" என்று அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"சமீபத்துல யாராவது உள்ள திறந்தாங்களா சார்? திறந்திருந்தா விசிறி சரியா உட்கார்ந்திருக்காது, சூடாகி அணைஞ்சிருக்கும். நாலு மூலையையும் நல்லா அழுத்திட்டு, அரை மணி நேரம் ஆற விடுங்க, ஓடிடும். திறக்கலைன்னா பவர் சப்ளை போயிருக்கும். வேற ஒண்ணு எடுத்துக்கிட்டு மூணு மணிக்குத்தான் என்னால வர முடியும்."

மனைவி ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும் திறக்கலைங்க" என்றார் விஞ்ஞானி.

அவர் கணக்கு சுலபமானது. இவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு அழுத்து, கதை முடிந்தது. ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பதுபோலப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்புல ஏதோ கருகுற வாசனை வருதே?"

"இன்னைக்கு இன்னும் அடுப்பே பத்த வைக்கலை."

"வாசல்ல யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துது."

"நீங்க போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். இல்லாத ஆளை எவ்வளவு நேரம் பார்ப்பது? திரும்பி வந்தார்.

மணி ஒன்று அடித்தது. அவள் சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் "தண்ணி வேணுமா?" என்பதுதான் வந்தது.

மூன்று மணிக்கு வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், கட்டைவிரலால் ஒரே ஒரு அழுத்து அழுத்தினார். கம்ப்யூட்டர் ஓடியது.

"போன்லயே கேட்டேனே சார், யாராவது திறந்தாங்களான்னு."

மனைவி கணவனைப் பார்த்தாள். பிறகு பதிப்பக அம்மாவுக்கு போன் போட்டாள். ஏன் தாமதம் என்று அந்தப் பக்கம் கேட்டதும் போனை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க."

"அது வந்துங்க மேடம், பவர் சப்ளை..." பழக்கதோஷத்தில் நாக்கு தானாகவே புறப்பட்டுவிட்டது. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லைங்க. நான்தான் திறந்தேன். திறக்கலைன்னு பொய் சொல்லிட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு. நாலு மணிக்குள்ள அனுப்பச் சொல்லுங்க."

உலகத்திலேயே தான் ஒருவர்தான் விஞ்ஞானி என்று இத்தனை நாள் நினைத்திருந்தவருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் தலை தப்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டு, சிரித்த முகமாக மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்று அத்தியாயங்களையும் அனுப்பி முடித்தாள்.

"பெட்டியைத் திறந்தீங்க, போகட்டும். ஒரு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும் நான் அழுதேனே, ரெண்டு மணி நேரமும் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டிருந்தீங்களே?"

மெக்கானிக் கையிலேயே இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வெகு நேரம் தேடினார்.