நிறுத்திய வண்டியில் குளிர்

ஆபீசில், மூன்று வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள். மூன்றும் உயரமான வண்டிகள். பெட்ரோலிலும் ஓடும், வீட்டில் செருகிச் சார்ஜ் ஏற்றினால் கரண்டிலும் ஓடும். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷோரூம் வாசலில் வரிசையாக நின்ற அவற்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை, வேறென்ன. பிரிவுத் தலைவரின் வேலையை இரண்டு வருடம் பார்த்தது அவள், அந்தப் பெயர் இல்லாமலே. இடம் காலியானதும், ஏழு மாதத்துக்கு முன் வந்து அவளிடமே வேலை கற்றுக்கொண்டவனைத் தூக்கி அங்கே உட்கார வைத்தார்கள். அவனுடைய அப்பாவும் மேலாளரும் கல்லூரித் தோழர்களாம். அவளுடைய அப்பா கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். ஆபீசில் அவளுக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். கறார் கத்துவதற்குள் மேலாளர் கூப்பிட்டு, உனக்குக் கார் உண்டு, மூன்று வருட லீஸ், கம்பெனி கட்டும் என்றார். நடுவில் வேலையை விட்டால் மீதி மாதத் தவணை அவள் தலையில் என்று லீஸ் பத்திரத்தின் ஐந்தாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ராஜினாமாக் கடிதம் ஒன்பது நாளாகப் போனில் கிடக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் அதை அனுப்ப முடியாது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டுக்குக் கார் ஓட்டியவர். ஒவ்வொரு கதவையும் உள்ளங்கையால் தள்ளி, சத்தம் வராமல் சாத்திப் பார்த்தார். டை கட்டிய விற்பனையாளர் ஐம்பது கிலோமீட்டர் வரை கரண்டிலேயே போகலாம், அப்புறம் பெட்ரோல் பார்த்துக்கொள்ளும் என்று ஒப்பித்தார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதையா இருக்கே. ரெண்டு பக்கமும் தீனி போடணும்," என்றார் அப்பா.

விற்பனையாளர் சிரித்தார். அவளும் சிரித்திருக்க வேண்டும்.

சாம்பல் நிற வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அப்பா ஓட்டினார், அவள் பக்கத்தில். விற்பனையாளர் பின்னால் உட்கார்ந்து போனில் யாரிடமோ நிறம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்றபோது அவள் சொன்னாள்.

"நான் வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்பா."

பச்சை விழுந்தது. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த திருப்பத்தில் வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

"விடறதுன்னா விடும்மா. விடலாம்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தோணாமப் போச்சு." கொஞ்சம் கழித்து, "எனக்காக வண்டி கிண்டி எடுக்காத. ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு," என்றார்.

தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். யார் மேலாவது. வரவில்லை.

திரும்பி வந்ததும் வண்டியைப் பின்னால் எடுத்து, முகம் தெருவைப் பார்க்க நிறுத்தினார். முதலாளி வந்து ஏறினால் அப்படியே கிளம்பலாம். எங்கே நிறுத்தினாலும் அவர் அப்படித்தான் நிறுத்துவார். அவளும் விற்பனையாளரும் இறங்கினார்கள். அப்பா இறங்காமல், கண்ணாடியை இறக்கி, விற்பனையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, இந்த மாதிரி சும்மா நிக்கறப்போ ஏசி ஓடுமா?"

"ஓடும் சார். பேட்டரியிலயே ஓடும், எஞ்சின் போடவே வேணாம்."

"பெட்ரோல் குறையாது?"

"சொட்டு குறையாது."

அப்பா தலையாட்டினார். கல்யாண மண்டபத்து வாசலில், விமான நிலையத்து வெளியில், ஆஸ்பத்திரி மதிலோரத்தில், நான்கு கதவுகளையும் திறந்து போட்டு அவர் காத்திருந்த வெயிலெல்லாம் அவள் பார்த்ததில்லை. அதன் மிச்சத்தைத்தான் பார்த்திருக்கிறாள். மாலையில் அம்மா துவைக்கப் போடும் சட்டையின் முதுகில், வெள்ளைக் கோடாக உப்பு. பெட்ரோல் முள் இறங்கியிருந்தால் அந்த வீட்டு ஐயா கேட்பாராம், வண்டி எங்கே போச்சு என்று.

"ரெண்டு நிமிஷம்," என்றார் அப்பா. கண்ணாடியை ஏற்றினார். இருக்கையைப் பின்னால் சாய்த்தார். டிரைவர்கள் தூங்குவது போல, படுத்த மாத்திரத்தில், இரண்டு கையையும் மார்பில் வைத்துத் தூங்கிப்போனார்.

விற்பனையாளர் பத்திரத்தையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினார். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டுமாம். சாம்பலா வெள்ளையா என்று மட்டும் சொன்னால் போதுமாம். அவள் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஏசி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டாள். இரண்டு மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும் மேடம் என்றார்.

வெயில் சாய்ந்து முன்கண்ணாடி வழியாக அப்பாவின் முகத்தில் விழுந்தது. இமை சுருங்கியது. அவள் பத்திரத்தை விரித்து, அந்த இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் வைத்து, விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி வெளிப்பக்கமும் சில்லென்று இருந்தது. உள்ளே, ஆறு பக்கங்களின் நிழலில், அப்பாவின் வாய் லேசாகத் திறந்தது.