சுவர் முழுக்க மாதிரித்தாள்

நாலு மணிக்குள் சொல்லியாக வேண்டும். மருந்துக் கம்பெனியின் லேபிள்களுக்குத் தமிழ், ரோமன், அரபு, தாய்லாந்து எழுத்து என நான்குக்கும் ஒரே சாயலில் ஓர் எழுத்துரு. எந்த மென்பொருளில் வரையப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஒப்பந்தம். பின்னால் அவர்களுடைய ஆட்களும் அதே கோப்பைத் திறக்க வேண்டுமாம். பதினோரு நாளாக மூன்று மென்பொருள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தே செருப்பு தேய்ந்துவிட்டது.

நாங்கள் என்றால் நானும் தங்கையும். நான் வரைவேன். கொம்பும் காலும் எங்கே ஒட்ட வேண்டும், அரபு எழுத்துகள் எப்படிக் கைகோக்க வேண்டும் என்ற விதிகளை அவள் எழுதுவாள். ஆறு வருடமாக டயர் கடைக்கு மேலே இந்த ஒரே அறை, எதிரெதிர் மேசை. நான் வாய் ஓயாதவள். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடித்துவைப்பது நான்தான். அம்மா அதற்காக இன்றும் என்னைத் திட்டுவாள்.

பழைய மென்பொருள் கைக்குப் பழகியது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கோப்பைத் திறக்கலாம். இரண்டாவதில் வளைவு வெண்ணெயாக வழுக்கி வரும், அரபைக் கண்டால் மட்டும் திணறும். மூன்றாவது பிரௌசரில் ஓடுவது, சரியான நத்தை. இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதில் கைவைக்கலாம். எனக்கு அதன்மேல்தான் ஆசை. தங்கை இல்லாமல் தலைகீழாக நின்றாலும் இந்த வேலை எனக்கு ஓடாது.

மார்க் போட எனக்கு ஒரு வரிசை, அவளுக்கு ஒரு வரிசை என்று அட்டவணை வைத்திருந்தேன். அவள் வரிசை காலியாகவே கிடந்தது. கேட்டால், “பார்க்கலாம்க்கா” என்பாள். பொறுமை போய், இன்று காலை அதையும் நானே நிரப்பிவிட்டேன். மூன்றாவதற்குப் பத்துக்குப் பத்து.

சோதித்துப் பார்க்க மாதிரித்தாளைத் தட்டச்சு செய்து கொடுப்பவள் தங்கைதான், நான்கு மொழிக்கும் ஒவ்வொரு பத்தி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை. இடைவெளி சரியா, கறுப்பு எங்காவது திட்டாகத் தெரிகிறதா, அவ்வளவுதான். தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்ப்பேன். இந்தத் தாளை ஐந்து அளவில் நாற்பது தடவையாவது அச்சடித்திருப்பேன். சுவர் முழுக்க அதுதான்.

மூன்று மணிக்குக் கம்பெனி அதிகாரிக்கு அதை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவர் அழைத்தார்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“அரபு கொஞ்சம் மெலிசா இருக்கு சார், தெரியும். அதைச் சரி பண்ணிடலாம்.”

“அது இல்லைங்க. ரெண்டு பேரும் சேர்ந்து செய்யப்போறோம்னு சொன்னீங்க. தமிழ்ல உங்க தங்கச்சி போறேன்னு எழுதியிருக்காங்களே.”

அப்புறம் பேசுவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். முதலில் இடைவெளிதான் கண்ணில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

‘அக்கா, அடுத்த மாசத்தோட நான் நின்னுக்கறேன். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நேர்ல சொன்னா நீ பேசியே என்னை நிறுத்திடுவ. எனக்குப் போகணும்க்கா. படிச்சதும் சண்டை போடாத. ஒண்ணும் பேசாம ஒரு டீ போட்டுக் குடு.’

தங்கை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது சிவந்திருந்தது. எந்த ஊர், என்ன வேலை, யாரைக் கேட்டு முடிவெடுத்தாய் என்று நூறு கேள்வி என் வாயில் முட்டிக்கொண்டு நின்றது. கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. மூலையிலிருந்த கெட்டிலைப் போட்டேன். தண்ணீர் கொதிக்க இவ்வளவு நேரமாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டு மிடறு குடித்துவிட்டு அவள் பேசினாள். “தினமும் நீ ஒட்டறப்ப, இன்னிக்குப் படிச்சிடுவன்னு நினைப்பேன். அப்புறம்...”

நிறுத்தினாள். நான் முடித்துவைப்பேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

“அப்புறம் நீ, கொம்பு சரியில்லைன்னு திருப்பித் தருவ,” என்றாள். “பழசையே எடுத்துக்கக்கா. மூணாவது ரெண்டு பேருக்குத்தான் லாயக்கு. விதியெல்லாம் எழுதி வெச்சிட்டுத்தான் போவேன்.”

அவள் வரிசையில் நான் போட்டிருந்த மார்க்கையெல்லாம் அழித்துவிட்டுக் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பழையதற்குப் பத்து போட்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. காலையிலேயே எழுதிவைத்திருந்த கடிதத்தில் மென்பொருளின் பெயரை மாற்றினேன். அனுப்பும் முன், ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ‘நாங்கள்’ என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் ‘நான்’ என்று திருத்தினேன்.