கழுவாத வலது கை

அலெக்சாந்தரின் படையில் எனக்கு ஆட்டு வேலை. போருக்கு முன் பலி கொடுக்கும் கிடாக்களை மேய்ப்பது, பிடித்துக் கொடுப்பது, குறிசொல்லி டெலெனிகோஸின் கையில் தண்ணீர் ஊற்றுவது. வேல் பிடிக்காததால்தான் உயிரோடு இருந்து இதைச் சொல்கிறேன். என் பெயர் டெர்டாஸ்.

அன்று விடிந்ததும், வேல் படையில் இருந்த என் தம்பி மகாடாஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஊருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பாத்தியாண்ணே? எதிரிப் படைய எண்ணவே முடியல."

"ஓடுறவன நம்மாளுங்களே கல்லால அடிச்சுக் கொல்லுவாங்க. நேத்து ரெண்டு பேர் அப்படிச் செத்தத மறந்துட்டியா?"

"நின்னாலும் சாவு, ஓடினாலும் சாவு. ஓடினா கொஞ்ச தூரமாவது போவேன்ல?"

"பலி முடியட்டும்டா. குறி சரியில்லன்னா நானே உன்ன ஆட்டோட ஆடா ஓட்டி விடுறேன்."

அவன் சிரிக்கவில்லை. மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பலி பார்க்க வந்த கூட்டத்தின் பின்னால் போய் நின்றான்.

பலிக்கு முன் கை கழுவ வேண்டும். அது எங்கள் முறை. நான் செம்பைச் சாய்த்தேன். டெலெனிகோஸ் இடது கையை மட்டும் நீட்டினார். வலது கையை இறுக மூடி வைத்திருந்தார்.

"அந்தக் கை, சாமி?"

"ஊத்துனது போதும். கிடாவப் பிடி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுக்குக் கையோடு தெய்வத்தின் முன் நிற்கிறாரே, கேட்க ஆள் இல்லையா?

கிடாவை வெட்டி ஈரலை எடுத்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. பிறகு ஈரலை வலது உள்ளங்கையில் வைத்து, மேலே இடது கையால் அழுத்திப் பிடித்தார். திருப்பித் தூக்கிக் காட்டியபோது அதன்மேல் கறுப்பாக எழுத்துகள் தெரிந்தன.

முன்வரிசையில் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் கத்தினான். "வெற்றி! வெற்றின்னு எழுதியிருக்குடா!"

அந்த வார்த்தை கடைசி வரிசைவரை ஓடியது. கிழவர்கள்கூடக் கேடயத்தைத் தட்டிக் குதித்தார்கள். என் தம்பி மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கூவினான்.

நான் டெலெனிகோஸின் உள்ளங்கையைப் பார்த்தேன். அதே எழுத்துகள், மையில், இடவலம் மாறி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ஒரு சத்தம் போட்டால் போதும், படை கலைந்துவிடும், தம்பி மறுபடி மூட்டையைத் தூக்குவான், கல்லடியில் சாவான். செம்பை எடுத்து அந்தக் கையில் ஊற்றினேன். கறுப்பாக ஓடிய தண்ணீரைக் காலால் மண் தள்ளி மூடினேன். 

முறைப்படி ஈரலைச் சுட்டேன். அதில் ஒரு துணுக்காவது வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள். தம்பிக்கும் விரல் நுனி அளவு கிடைத்தது.

"கசக்குதுண்ணே."

"தெய்வத்தோட எழுத்து கசக்காம இனிக்குமா? முழுங்குடா."

பிற்பகலில் போர் முடிந்தது. ஜெயித்துவிட்டோம். மகாடாஸ் பாதிக் காதைப் பறிகொடுத்து வந்து, "பசிக்குது" என்றான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன்.

அதோடு விட மனமில்லை. மந்தையில் நல்ல குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு டெலெனிகோஸின் கூடாரத்துக்குப் போனேன். உள்ளே அவருடைய ஒரே மகன் ஃபிலினோஸைப் பிணமாகக் கிடத்தியிருந்தார்கள். முதல் வரிசையில் நின்றவன்.

"காலையில பாத்த ஈரல்ல, தலைன்னு சொல்ற மேல்துண்டு இல்ல டெர்டாஸ்" என்றார். "அது இல்லன்னா, கிடாவ வெட்டினவன் வீட்டுல சாவு. தெய்வம் எங்கிட்டப் பொய் சொல்லல. பொய் சொன்னது நான்தான்."

"தெரிஞ்சுமா சாமி பையன அனுப்புனீங்க?"

"என் பையன மட்டும் இழுத்து வச்சா மத்தவன் எவன் நிப்பான்?"

நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லாமல் வர முடியவில்லை. "என் தம்பி பொழச்சுட்டான் சாமி. உங்களாலதான்" என்றேன். குட்டியைத் தோளிலிருந்து இறக்கி அவர் காலடியில் விட்டேன்.

அவர் மகன் பக்கம் திரும்பினார். "அப்ப அவன வரச் சொல்லு. தூக்க ஆள் வேணும்."

மகாடாஸ் வந்தான். ஒன்றும் கேட்காமல் தலைமாட்டில் தோள் கொடுத்தான்.

"பாவம்ண்ணே. நம்மள எல்லாம் காப்பாத்துன தெய்வம் இவன மட்டும் மறந்துடுச்சு பாரு" என்றான் வழியில்.

"பேசாம தூக்குடா" என்றேன்.