பேசாத உரைக்குக் கரவொலி

காவிரி தொடர்பியல் மன்றத்தில் சேர ஒரே தகுதி, திருச்சியில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் சார்பில் பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு அனுப்புகிறவராக இருக்க வேண்டும். மருத்துவமனை, கல்லூரி, நகைக்கடை, அடுக்குமாடி கட்டுகிறவர்கள் என்று எல்லா இடத்து மக்கள் தொடர்பு அலுவலர்களும் அதில் இருந்தார்கள். மன்றத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் 'வெளிப்படை' என்று ஒரு வலைப்பூவும் உண்டு. தலைவர் சௌம்யநாராயணன் காலையில் குழுவில் ஒரு சிந்தனையைப் போடுவார், மற்றவர்கள் கைகூப்புவார்கள். சிந்தனை பெரும்பாலும் நம்பகத்தன்மையைப் பற்றியதாக இருக்கும். ஒருநாள் கை தவறி மின்கட்டண ரசீதைப் போட்டுவிட்டார். அதற்கும் கைகள் கூப்பப்பட்டன. ஒருவர் 'ஆழமான கருத்து' என்று எழுதினார்.

சௌம்யநாராயணன் ஒரு பெரிய ஆலையில் மக்கள் தொடர்புத் துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. பெயருக்கு முன்னால் 'தொடர்பியல் சிந்தனையாளர்' என்று போட்டுக்கொள்வார். பட்டம் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. முதலில் ஒரு செய்திக்குறிப்பில் வந்தது. பிறகு எல்லாச் செய்திக்குறிப்பிலும் வந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விழா மாலையில் என்றால் அதன் செய்தி காலையிலேயே தயாராகிவிடும். பத்திரிகைகளில் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள் என்பது காரணம். 'வலியுறுத்தினார்', 'முழங்கினார்', 'திரளானோர் கலந்துகொண்டனர்' எல்லாம் நடப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். திரளானோர் வராவிட்டால் கேமராவை மேடைப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

ஹாஜிராவும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். பாலக்கரையில் வீடு, ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மக்கள் தொடர்பு அலுவலர் வேலை. அத்தா மௌத்தான பிறகு வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். தம்பி மன்சூர் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். ஓய்வு நேரத்தில் 'கடைசி வரிசை' என்ற பெயரில் ஒரு வலைப்பூ எழுதினாள். மேடையிலிருந்து பார்த்தால் தெரியாத விஷயங்கள் அதில் வரும். மன்றத்தின் செயலாளர் அருள்ராஜ்தான் அந்தக் கல்லூரிக்கு நிர்வாக மேலாளர். அதாவது ஹாஜிராவின் மேலதிகாரி.

மன்றத்தின் ஆண்டு விழாவுக்குக் கன்டோன்மென்ட்டில் ஓர் அரங்கைப் பதிவு செய்திருந்தார்கள். 'நம்பகத்தன்மையே நம் மூலதனம்' என்ற தலைப்பில் தலைவரின் எழுச்சியுரை. சனிக்கிழமை மாலை இஸ்திரி கலையாமல் வந்து சேர்ந்த உறுப்பினர்களை வாசலில் வாழைமரம் வரவேற்றது. நாம் வாழைமரம் கட்டச் சொல்லவில்லையே என்று அவர்கள் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது.

"உங்களுது அடுத்த மாசம் சார், ரசீதைப் பாருங்க" என்றார் வாட்ச்மேன்.

அருள்ராஜ் பார்த்தார். தேதி அவருடைய கையெழுத்திலேயே இருந்தது.

"வந்ததுக்கு சாப்பிட்டுப் போறதுன்னா போங்க. பொண்ணு வீட்டுக்காரங்க நல்ல மாதிரி" என்று வாட்ச்மேன் ஆறுதல் சொன்னார்.

தலைவரின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "என்ன அருள், மேடை ரெடியா?" அருள்ராஜ் குனிந்து விவரம் சொன்னார். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

அப்போதுதான் வாசலில் நின்ற எல்லாருடைய ஃபோனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. நேரம் குறித்து வைத்திருந்த விழாச் செய்தி 'வெளிப்படை'யில் தானாக வெளியாகிவிட்டது. 'நம்பகத்தன்மை இல்லாத நிறுவனம் நாற்று இல்லாத வயல் என்று தொடர்பியல் சிந்தனையாளர் சௌம்யநாராயணன் முழங்கினார். நிரம்பி வழிந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.'

எழுந்து நின்றது என்னவோ உண்மை. நாற்காலிகள் கல்யாணத்தில் இருந்தன.

யாராவது சிரிப்பார்கள் என்று ஹாஜிரா சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் தலைகுனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். வாழைமரத்தடியில் நின்ற அடுக்குமாடிக்காரர் 'பொன்னான உரை சார்' என்று எழுதினார். நகைக்கடைக்காரர் 'இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை' என்று எழுதினார். அதில் பொய் இல்லை. பக்கத்தில் நின்ற லூர்துராணி, ஒரு கண் மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அலுவலர், 'கண்கள் கலங்கின' என்று எழுதி அனுப்பினாள்.

"ஏய், என்னடி போடுற? அவர் வண்டியை விட்டே இறங்கலையே."

"எல்லாரும் போடுறாங்கடி. நாம மட்டும் போடலைன்னா தெரிஞ்சிடும்."

"எது தெரிஞ்சிடும்?"

"போடலைங்கறது."

"கண்ணு எப்படிடி கலங்கும்? பேச்சே இல்ல."

"பேச்சு என்ன புதுசா? வருஷா வருஷம் அதேதான். போன தடவையே கலங்கிருச்சு, அதை இப்ப எழுதுறேன்."

மறுநாள் காலை ஹாஜிரா 'கடைசி வரிசை'யில் ஒரு பதிவு எழுதினாள். அலங்காரமே இல்லை. விழா நடக்கவில்லை; அரங்கம் அடுத்த மாதத்துக்குப் பதிவாகியிருந்தது; யாரும் பேசவில்லை; பேசாத உரையை நாங்கள் வாசலில் நின்றபடியே பாராட்டி எழுதினோம்; மற்றவர்களுக்கு நம்பகத்தன்மை வகுப்பு எடுப்பவர்களும் நாங்கள்தான். கூடவே வாழைமரமும் வாட்ச்மேனும் இருக்கிற ஒரு படம்.

மதியத்துக்குள் ஊரிலுள்ள நிருபர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டார்கள். செய்திக்குறிப்பு வந்தால் சும்மா வாங்கிப் போடுகிறவர்கள், "சார், இதாவது நடந்துச்சா?" என்று ஃபோன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். தொழிலுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வந்ததில்லை. வாட்ஸ்அப் குழு கொதித்தது. 'சகோதரி அவசரப்பட்டுவிட்டார்' என்றார் ஒருவர். 'வீட்டு விஷயம் வீதிக்கு வரலாமா?' என்றார் இன்னொருவர். 'வெளிப்படைக்கும் ஓர் எல்லை உண்டு' என்று 'வெளிப்படை'யின் துணை ஆசிரியர் எழுதினார்.

திங்கட்கிழமை கல்லூரியில் அருள்ராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை தலைவர் சார் வீட்டுக்கு வந்துருங்க ஹாஜிரா. பதிவை எடுத்துட்டு, ஒரு வருத்தம் தெரிவிச்சிட்டா முடிஞ்சுது. இல்லேன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை உத்தர வீதியில் வெளியூர் வேன்கள் அடைத்துக்கொண்டு நின்றன. சௌம்யநாராயணனின் கூடத்தில் சுவர் தெரியாத அளவுக்குக் கேடயங்கள் மாட்டியிருந்தன. பாதிக்கு மேல் மன்றமே அவருக்குக் கொடுத்தவை.

"வாங்கோம்மா, உக்காருங்கோ. அடியேனுக்கு உங்க மேல லவலேசமும் க்ரோதம் கிடையாது. எல்லாம் பெருமாள் சங்கல்பம்."

"ஹால் புக் பண்ணினது அருள்ராஜ் சார், சார்" என்றாள் ஹாஜிரா.

அருள்ராஜ் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். "படிச்சிருங்க. ஆறு மணிக்கு வெளியாயிடும்."

'மன்றத் தலைவரின் இல்லத்தில் நடைபெற்ற நெகிழ்ச்சியான சந்திப்பில் ஹாஜிரா கண்ணீர் மல்க வருத்தம் தெரிவித்தார். தலைவர் பெருந்தன்மையுடன் மன்னித்தருளினார். பின்னர் அனைவரும் சிற்றுண்டி அருந்தினர்.'

"சிற்றுண்டி எங்க சார்?"

"உள்ளே ஆயிண்டிருக்கு. கேசரி."

"அப்ப இதுல அது ஒண்ணுதான் நிஜம்."

"கண்ணீர்ங்கறது ஓர் அலங்காரம்தானேம்மா" என்றார் சௌம்யநாராயணன்.

"என் கண்ணு சார். அலங்காரம் பண்றதா இருந்தா நான்தான் பண்ணணும். வருத்தம் எதுக்குத் தெரிவிக்கணும்னும் சொல்லுங்க. விழா நடந்துச்சா?"

சௌம்யநாராயணன் ஃபோனை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "பொன்னான உரைன்னு எழுதியிருக்கா. கேட்டதே இல்லேன்னு எழுதியிருக்கா. ஒரு பொண்ணு பாவம், கண் கலங்கித்துன்னு எழுதியிருக்கா. இத்தனை பேருமா பொய் சொல்லுவா?"

ஹாஜிராவுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. மனிதர் நடிக்கவில்லை, நம்பத் தொடங்கியிருந்தார்.

"சார், நீங்க காரை விட்டு இறங்கலை."

"அது ஸ்தூலமா பார்த்தா."

அருள்ராஜ் பொறுமையிழந்தார். "போதும் ஹாஜிரா. பதிவை எடுக்குறீங்களா, இல்லையா?"

அவளுக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது. வீட்டின் ஞாபகமும் வந்தது. 'கண்ணீர் மல்க' என்ற எழுத்துகள் எதிரே திரையில் இருந்தன.

"எடுக்க மாட்டேன்."

"அப்ப வேற வழியில்ல." அருள்ராஜ் வேறொரு பக்கத்தைத் திறந்தார். 'மக்கள் தொடர்பு அலுவலர் ஹாஜிரா சொந்தக் காரணங்களுக்காகக் கல்லூரிப் பணியிலிருந்து விலகினார். அவரது எதிர்காலம் சிறக்க மன்றம் வாழ்த்துகிறது.'

"இதையும் எழுதி வச்சிருந்தீங்களா?"

"ரெண்டும் ரெடியா இருக்கணும்ல? தொழில்."

"மாத்திப் போட்டுராதீங்க சார். நீங்க தேதி போட்ட லட்சணம் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஹாஜிரா எழுந்தாள். தட்டுகளில் கேசரி வந்துகொண்டிருந்தது.

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஃபோன் கிணுகிணுத்தது. 'வெளிப்படை'யில் அவள் விலகிவிட்டாள். அதற்குள் 'புதிய உயரங்களைத் தொட வாழ்த்துகள்' என்று குழுவில் கைகள் கூப்பப்பட்டுவிட்டன. அடுத்ததாக லூர்துராணியின் அழைப்பு.

"ஏய், நிஜமாவே விலகிட்டியாடி?"

"பரவாயில்லையே, இந்தத் தடவை கண்ணு கலங்குறதுக்கு முன்னாடி விசாரிக்கிற."

"விளையாடாதடி. நாளைக்கு என்ன பண்ணப் போற?"

"திங்கக்கிழமைதானே? வேலைக்குப் போவேன்."

போனாள். வழக்கமான நேரத்துக்குக் கல்லூரி பஸ்ஸில் போய் இறங்கி, வருகைப் பதிவுக் கருவியில் விரலை வைத்தாள். கருவி வலைப்பூ படிப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். அருள்ராஜ் உள்ளே வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"ஹாஜிரா... நீங்க விலகிட்டீங்களே?"

"யார் சார் சொன்னா?"

"வெளிப்படையில வந்துருக்கே."

"அதுலதான் நீங்க எழுந்து நின்னு கைதட்டினீங்கன்னும் வந்துச்சு. தட்டினீங்களா?"

அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அருள்ராஜ் சுற்றிலும் பார்த்தார். இந்த அறையில் அவரிடம் இதுவரை யாரும் ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்டதில்லை.

"இல்ல" என்றார்.

"நானும் விலகலை."

"இதெல்லாம் நல்லா இல்ல. தாளாளர்கிட்ட சொல்லி உங்களை அனுப்ப வேண்டியிருக்கும்."

"தாராளமா அனுப்புங்க. ஆனா விலகினேன்னு எழுதாதீங்க, அனுப்பினோம்னு எழுதுங்க. என்ன காரணம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. வாங்கிட்டுப் போயிடுறேன். என் பிளாக்ல அப்படியே போடுவேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

அருள்ராஜ் தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கணினி முன் உட்கார்ந்தார். 'நடைபெறாத விழாவை நடைபெறவில்லை என்று எழுதியதற்காக' என்று அடித்தார். ஒருமுறை படித்துவிட்டு அழித்தார். 'நடைபெற்ற விழாவை' என்று தொடங்கினார், அடுத்த மாதத் தேதி போட்ட ரசீதும், வாட்ச்மேனின் படமும் நினைவுக்கு வந்தன, அழித்தார். 'கல்லூரியின் நற்பெயருக்கு' என்று ஆரம்பித்தார். அந்த விழாவுக்கும் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம் என்று தாளாளர் கேட்பார். கேட்டால் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அழித்தார். நடக்காததையெல்லாம் வருடக்கணக்காகத் தங்குதடையில்லாமல் எழுதிய மனிதருக்கு, நடந்த ஒன்றை எழுத வரவில்லை. ஒரு டீ வரவழைத்துக் குடித்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

மதியம் அவர் வெறுங்கையோடு வெளியே வந்தார். ஹாஜிராவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, அவளைப் பார்க்காமல், எதுவுமே நடக்காதது போல ஆரம்பித்தார்.

"நாளைக்கு லால்குடியில நம்ம பசங்க ரத்ததான முகாம். செய்தியை இன்னைக்கே அனுப்பிடுங்க. திரளானோர் ரத்தம் கொடுத்தனர்னு..."

"எத்தனை பேர் கொடுக்கறாங்கன்னு பார்த்துட்டு வந்து எழுதறேன் சார்."

"பக்கத்தை முடிச்சிருவாங்க ஹாஜிரா!"

"முடிக்கட்டும். அதுக்கு மறுநாள் பேப்பர் வராதா?"

அருள்ராஜ் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் மேஜைத் தொலைபேசியை எடுத்து வண்டி ஓட்டுநரிடம் பேச ஆரம்பித்திருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு லால்குடி வேன்ல எனக்கு ஒரு சீட் போட்டு வைங்க. ஆமாண்ணே, நானேதான். இல்ல, விலகலை. காலையில எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"