மேப்பு எறங்கு

1

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், மேப்பு என்று ஓர் ஊர் கிடையாது. ஆனாலும் 2006 ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலை, நான் உட்கார்ந்திருந்த பஸ்ஸின் கண்டக்டர் "மேப்பு எறங்கு! மேப்பு எறங்கு!" என்று கத்தினார். பஸ்ஸில் பாதி காலியானது. உப்பளத்துக்குப் போகும் பெண்கள். அவர்களோடு, கையில் சுருட்டிய காகிதத்தோடு ஒரு பெண். எனக்கு அங்கே வேலையில்லை. மரக்காணத்தில் வண்டி மாறிச் சென்னைக்குப் போக வேண்டியவன். பெயர் பிடித்துப்போய் இறங்கிவிட்டேன். இந்தக் கதைக்குக் காரணம் அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் பெயர் ஆரோக்கியசெல்வி. சென்னையில் நகரமைப்புப் படிக்கிறாள். இளங்கலை. ஊர்கள் எப்படி வளர்கின்றன, மனிதர்கள் அதில் எப்படி நடமாடுகிறார்கள், சாலையும் சந்தையும் எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் நான்கு வருடம் சொல்லித்தரும் படிப்பு. சேர்ந்த அன்று அவள் அப்பா கேட்டாராம்: "ஊரு தான் அங்கியே இருக்குதே, அத இன்னாத்துக்கும்மா படிக்கணும்?"

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"செல்வி உப்பாலேயே தன் ஊரின் மாதிரியைச் செய்தாள். சென்னை மழையின் ஈரத்தில் அது மெல்லக் கசிந்து, தெருக்களில் கண்ணீராய்..."

எழுதிவிட்டு அவளிடமே படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "சார், உப்பு ஈரத்துல கசியும்னு எங்க வூட்டுக் கோழிக்குக்கூட தெரியும். நான் தெர்மாகோல்ல தான் செஞ்சேன்."

ஆகவே தெர்மாகோல். அதுவும் இந்தக் கதையில் வராது.

3

முதல் வருடம் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு கடைத்தெருவில் காலை எட்டிலிருந்து மாலை வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது. பார்த்ததை எழுதுவது. மற்ற பிள்ளைகள் மதியத்துக்குள் சினிமாவுக்குப் போய்விட்டார்கள். செல்வி நகரவில்லை. வெயில் நகர நகரப் பூக்காரி கூடையை நகர்த்துவதையும், பூக்காரி நகர்ந்ததும் கூட்டம் வேறு பக்கமாக வளைந்து போவதையும் கண்டாள். ஒரு கூடை ஒரு தெருவையே திருப்புகிறது! விடுதிக்கு ஓட்டமாய் ஓடிப்போய் அறைத்தோழியை உலுக்கிச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டாள்: "அதுக்கு இப்ப இன்னா?"

(இந்த இடத்தில் செல்வியின் தனிமை பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவள் தனிமையாகவெல்லாம் இல்லை; சந்தோஷமாக இருந்தாள். அடித்துவிட்டேன்.)

2005 மே விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். உப்பளத்துக்குத் தெற்கே, கூனிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் வீடு. அம்மா சகாயமேரிக்கு உப்பளத்தில் வேலை. விடியற்காலை பஸ்ஸில் போய், வெயில் உச்சிக்கு ஏறுமுன் பதினோரு மணி பஸ்ஸில் திரும்புவது வழக்கம். ஒருநாள் செல்வியும் கூடப் போனாள். திரும்பும்போதுதான் அதைக் கவனித்தாள்: உப்பள வரப்பு மதகுக்குப் பக்கத்தில் சாலையில் ஏறுகிறது. பஸ் நிறுத்தமோ அரை கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன ஒரு பழைய உப்புக் கிடங்குக்கு எதிரே இருக்கிறது. உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களோடு, கொதிக்கும் தாரின் ஓரமாக, பெண்கள் அவ்வளவு தூரம் ஓடுகிறார்கள்.

"ஏம்மா, கிடங்கு மூடி எத்தினி வருசம் ஆச்சு?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப உங்கள வுட்டா அந்த ஸ்டாப்புல யாருதான் எறங்குறாங்க?"

சகாயமேரி யோசித்தாள். "யாரும் இல்லடி."

செல்வி திரும்பி நின்று அந்தக் கிடங்கைப் பார்த்தாள். இருபது வருடமாக இல்லாத ஒரு கிடங்குக்காக பஸ் நிற்கிறது. இருக்கிற மனிதர்களுக்கு நிற்கவில்லை. பாடத்தில் படித்தது கண்ணெதிரே வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் எண்ணினாள். பதினோரு மணி பஸ்ஸுக்கு மட்டும் அறுபத்திரண்டு பேர். பெரிய காகிதத்தில் உப்பளம், வரப்பு, மதகு, சாலை எல்லாம் வரைந்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புள்ளி வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு மூன்று அலுவலகம் போனாள். ஒவ்வொருவரும் அன்பாகத்தான் பேசினார்கள். அன்பாகவே அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள்.

அம்மாவின் கூட்டாளி அம்சவள்ளிதான் வழி சொன்னவள். "எதுக்குடி கேக்கணும்? அல்லாரும் மதகாண்டயே நிப்போம். எப்பிடி தாண்டிப் போறான்னு பாக்கலாம்."

மறுநாள் அறுபத்திரண்டு பெண்களும் மதகருகே நின்று கையைக் காட்டினார்கள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. கண்டக்டர் பாலகுரு கதவிலிருந்தே கத்தினார். "இன்னாம்மா இது, ரோட்டுல மாநாடா? ஸ்டாப்பு அங்க இருக்குது!"

செல்வி படியில் ஏறிக் காகிதத்தை விரித்தாள். "அண்ணே, கொஞ்சம் இத பாருங்க. அங்க நீங்க நாலு நிமிசம் நிக்கறீங்க. இவங்க ஒவ்வொருத்தரா ஓடியாறதால. இங்க அல்லாரும் ரெடியா நிப்பாங்க. ஒன்றரை நிமிசம். வாட்ச வச்சிப் பாருங்க!"

"மேப்பு காட்டி பஸ்ஸ நிறுத்துறியா நீ?"

ஆனாலும் அவர் வாட்சைப் பார்த்தார். டிரைவரும் பார்த்தார். ஒரு நிமிடம் இருபது வினாடி. மறுநாள் கேட்காமலே பஸ் நின்றது. "மேப்பு ஏறு!" என்றார் பாலகுரு. பெயர் அப்படி வந்ததுதான்.

4

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. முதல் பிரதியில் இங்கேதான் முடித்தேன். பெண்கள் சிரிக்கிறார்கள், பஸ் புறப்படுகிறது, செல்வியின் கண்களில்...

செல்வி சொன்னாள்: "சார், அம்சாக்கா கைய எங்க வுட்டுட்டீங்க?"

எழுதுகிறேன். ஒன்பதாம் நாள். மதகு இருக்கும் இடத்தில் சாலை வளைகிறது. வளைவில் நின்ற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. பஸ் நிற்பது அதன் டிரைவருக்குக் கடைசி நொடியில்தான் தெரிந்தது. ஒடித்துத் திருப்பினான். பெண்கள் சிதறி ஓடினார்கள். ஓரப் பள்ளத்தில் விழுந்த அம்சவள்ளிக்கு இடது கை முறிந்தது. செத்திருக்க வேண்டியவள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அவள் செல்வியைப் பார்த்துச் சொன்னாள்: "நீ எங்கள எண்ணுனதெல்லாம் சரிதாண்டி. லாரிய எண்ணலியே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இரண்டு நாள் செல்வி சாப்பிடவில்லை. காகிதத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அறுபத்திரண்டு புள்ளிகள் இருந்தன. ஒரு சக்கரம்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை, வேறு எதையோ நினைத்துக்கொண்டு முகம் கழுவும்போது, சட்டென்று அவளுக்கு ஒரு கேள்வி வந்தது: லாரிக்காரனுக்கு எவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்கும்? முகத்தைத் துடைக்காமலே அம்சவள்ளி வீட்டுக்கு ஓடினாள்.*

* அவளைக் குற்றவுணர்வில் இன்னும் இரண்டு பக்கம் வைத்திருக்க ஆசைப்பட்டேன். அவள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

"அக்கா, செவப்புத் துணி ஏதாவது இருக்குதா?"

"எதுக்குடி?"

"ஒரு கழியில கட்டிப் புடிச்சிக்கினு நிக்கணும். நான் பின்னாடி பின்னாடி நடந்து போறேன். எங்க மறையுதுன்னு பாக்கணும்."

"ஒடஞ்ச கையோடயா?"

"இன்னொரு கை இருக்குதே!"

அம்சவள்ளி அவளை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கொடியில் கிடந்த சிவப்பு ரவிக்கையை எடுத்தாள்.

மதகில் துணி நாற்பத்தைந்து தப்படி வைப்பதற்குள் மறைந்தது. வளைவு தொடங்குவதற்கு முன்பே, வடக்கே தொண்ணூறு தப்படி தள்ளி, சாலையோரம் அகன்று கிடந்த இடத்தில் மறுபடி பார்த்தார்கள். நூறு தப்படி. தெரிந்தது. இருநூறு. தெரிந்தது. முந்நூறாவது தப்படியில் திரும்பிப் பார்த்தபோதும் வெயிலில் அந்த ரவிக்கை சின்னதாக, தெளிவாக ஆடிக்கொண்டிருந்தது. செல்வி நடுவெயிலில் குதித்தாள். தூரத்தில் அம்சவள்ளியும் கழியை ஆட்டினாள்.

பாலகுரு மட்டும் மசியவில்லை. "உன் மேப்ப நம்பி மெமோ வாங்கிட்டேன். போதும்மா. பழைய ஸ்டாப்புக்கே நடங்க."

"தப்பு என்னுதுதாண்ணே. நான் வளைவ பாக்கல. இப்ப பாத்துட்டேன். நீங்களும் ஒருதபா எறங்கிப் பாருங்க."

"பஸ்ஸுல ஜனம் கத்துதும்மா!"

"ரெண்டே நிமிசம்."

அவர் இறங்கினார். விசிலை வாயில் வைத்தபடியே நடந்து போய், திரும்பி நின்று பார்த்தார். பஸ்ஸுக்குள் ஒருவர் இரைந்தார், ஒரு குழந்தை அழுதது. பாலகுரு மெல்லத் திரும்பி வந்து, "ஒரு வாரம். அதுக்கு மேல கேக்காத" என்றார்.

அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

5

ஜூலையில் கல்லூரியில் அந்த வரைபடத்தை மாட்டினாள். வெளியிலிருந்து மதிப்பிட வந்த ஒருவர் சொன்னாராம்: "ஒரு பஸ் ஸ்டாப்பை நகர்த்தியிருக்கிறாய். இதில் நகரமைப்பு எங்கே?"

"அந்தத் தொண்ணூறு தப்படியில இருக்குது சார்" என்றாள்.

நடுத்தரமான மதிப்பெண் கிடைத்தது. அவருக்கு அவள் பதில் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிய, நான் அந்தத் தூரத்தை நடந்து பார்க்க வேண்டியிருந்தது.

6

முடிவுகள்.

அ) பெயர்ப்பலகை வருகிறது, மாலை, பேச்சு, புகைப்படம். (வரவில்லை. அவளே சொல்லிவிட்டாள்: "போர்டு எதுக்கு சார், பஸ்ஸு நிக்குதே.")

ஆ) அம்சவள்ளியின் கை கூடாமலே போகிறது. (கூடிவிட்டது. மழைநாளில் வலிக்கும்.)

இ) நடந்தது. நான் இறங்கிய அன்று பதினோரு மணி வரை அவளோடு இருந்தேன். பெண்கள் ஏறினார்கள், பஸ் போனது. நான் எதிர்ப்பக்கம் போய் வண்டி பிடிக்கத் திரும்பினேன். செல்வி அசையவில்லை. சாலையின் அந்தப் பக்கம், எந்த பஸ்ஸும் நிற்காத ஓர் இடத்தில், ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் இல்லை. பவுடர் பூசிய முகம், கையில் சாப்பாட்டுப் பை. வண்டி வருகிறதா என்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு சார் இவங்க? போன வருசம் இல்லியே!"

குரலில் அப்படி ஒரு துள்ளல். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தாள். போகும்போதே பென்சிலை எடுத்துவிட்டாள். அவர்களிடம் அவள் கேட்டது எனக்குக் கேட்டது: "அக்கா, எங்க போறீங்க?"

அவர்கள் சொன்ன பதில் அவள் காகிதத்தில் இருக்கிறது. அதை நான் வாங்கிப் பார்க்கவில்லை. உங்கள் தெருமுனையிலும் இந்நேரம் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, போய்க் கேளுங்கள்.